சான்றிதழுக்கு முன்பே வேலைக்குப் போனவர்கள்: ஓர் ஐடிஐ ஃபிட்டர் பிரிவின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

வட மாவட்டம் ஒன்றில் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐடிஐ) 2023–25 ஃபிட்டர் பிரிவில் நடந்தது இது. ஃபிட்டர் என்றால் இயந்திரப் பாகங்களைப் பொருத்துகிற, பழுது பார்க்கிற தொழில். நிலையத்தின் பெயரையும் ஆட்களின் பெயரையும் விட்டுவிட்டேன். நான் அங்கே பயிற்றுநர். வேலைவாய்ப்புப் பணியும் கூடுதல் பொறுப்பாக என்னிடம் இருந்தது. இதே மாதிரி நிலைமை வேறு ஐடிஐ-க்களிலும் இருக்கிறது என்று சக பயிற்றுநர்கள் சொல்வதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் செய்யாறு சிப்காட், இன்னொரு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். விடிவதற்கு முன்பே கூட்ரோட்டில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும். பத்தாவது முடித்தவன், பிளஸ் டூ முடித்தவன், டிகிரியைப் பாதியில் விட்டவன் எல்லோரும் அதே பஸ்ஸில்தான் ஏறுவார்கள். ஊரில் பாதி வீடுகளிலாவது ஒருவர் அப்படிப் போய் வருகிறார். ஆக, எங்கள் மாணவர்களுக்கு 'கம்பெனி வேலை' என்பது எட்டாத கனவெல்லாம் கிடையாது. அண்ணனோ, எதிர்வீட்டுப் பையனோ தினமும் பார்த்துவிட்டு வருகிற வேலை அது.

பிரிவில் 20 பேர். ஒருவர் பெண். பெரும்பாலும் விவசாயக் கூலி, பட்டுத்தறி, கட்டட வேலை செய்கிற குடும்பங்கள். படிப்புக்கு வீட்டிலிருந்து பெரிதாகப் பணம் எடுக்க வேண்டியதில்லை. மாதம் ரூ.750 உதவித்தொகை, இலவச பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, மூடுகாலணி, வரைபடக் கருவிகள் எல்லாம் அரசு தருகிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு வந்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 2022 செப்டம்பரிலிருந்தும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 2024 ஆகஸ்டிலிருந்தும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது.

முதல் ஆண்டு பிரச்சினை இல்லாமல் போனது. ஃபிட்டர் பிரிவில் முதல் ஆண்டு என்றால் அரம் பிடிக்கிற ஆண்டு. மைல்ட் ஸ்டீல் துண்டை வைஸில் பிடித்து, தளமாகத் தேய்த்து, டிரை ஸ்கொயர் வைத்து வெளிச்சத்தில் பார்த்து, மறுபடி தேய்ப்பது. கையில் கொப்புளம் வராத மாணவர் கிடையாது. அந்தக் காலத்தில் நின்றுபோகிறவர்கள் உண்டு. இந்தப் பிரிவில் ஒருவர்கூட நிற்கவில்லை. இதைக் குறிப்பிடக் காரணம், பின்னால் நடந்ததைக் 'கஷ்டப்பட முடியாத பசங்க' என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது என்பதற்காகத்தான்.

பொங்கலுக்குப் பிறகு

2025 பொங்கல் விடுமுறை முடிந்த முதல் திங்கட்கிழமை, பாதிப் பேர்கூட வரவில்லை. விடுமுறை நீள்கிறது என்று நினைத்தோம். பிப்ரவரி நடுவில் வருகைப் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது ஏழு பேர் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தார்கள். அந்த அளவுக்குக் கீழே போனால் அகில இந்தியத் தொழில் தேர்வு எழுத முடியாது. தேர்வு எழுதாவிட்டால் தேசிய தொழிற்சான்றிதழ் இல்லை. ஒன்றரை ஆண்டு உழைப்புக்குக் கையில் ஒரு காகிதமும் மிஞ்சாது.

அந்த ஏழு பேரும் யார் என்பதுதான் யோசிக்க வைத்தது. படிப்பில் பின்தங்கியவர் அதில் இருவர்தான். மற்றவர்கள் நடுத்தரம் அல்லது அதற்கு மேல். பிரிவிலேயே அரம் பிடிப்பதில் முதலாவதாக இருந்த மாணவரும் அந்த ஏழில் ஒருவர். வெர்னியரை வைத்து அளந்தால் அவர் தேய்த்த துண்டில் குறை சொல்ல இடமிருக்காது. பட்டுத்தறிக் குடும்பம், அக்கா கல்யாணக் கடன் வீட்டில் இருந்தது.

வருகிற நாட்களிலும் சிலர் மதியம் தூங்கினார்கள். கண் சிவந்திருக்கும். விசாரித்தால் 'உடம்பு சரியில்லை சார்' என்ற பதில்தான். கொஞ்ச நாளில் விஷயம் வெளியே வந்தது: அவர்களில் ஐந்து பேர் கான்ட்ராக்ட் ஏஜென்ட் மூலம் லைன் வேலைக்கு (தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் நின்று செய்கிற வேலை) சேர்ந்திருந்தார்கள். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, பெயர் போகாமல் இருக்க வாரத்தில் ஓரிரு நாள் இங்கே வந்து போனார்கள்.

முதலில் செய்தது

ஆசிரியர் அறையில் முதலில் வந்த விளக்கம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். செல்போன், சோம்பல், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊக்கம் இல்லை. அதனால் ஊக்கம் கொடுப்பதே மருந்து என்று முடிவாகி, வெளியிலிருந்து ஒரு பேச்சாளரை அழைத்தோம். நன்றாகவே பேசினார். கைதட்டல் பலமாக இருந்தது. மூன்று நாள் வகுப்பு நிறைந்திருந்தது. நான்காம் நாளிலிருந்து பழையபடி.

அப்புறம் பெற்றோரை வரச் சொன்னோம். வந்தவர் சிலர்தான். ஒரு மாணவரின் அம்மா எங்கள் அறிவுரையெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் கேட்டார்: "வேலைக்குத்தானே சார் போறான், திருடவா போறான்? படிச்சு முடிச்சாலும் அந்தக் கம்பெனிக்குத்தானே அனுப்பப் போறீங்க?"

அந்த இரண்டாவது கேள்விதான் விவகாரத்தின் மையம். அரம் பிடிப்பதில் முதலாவதான அந்த மாணவரும் தனியாகப் பேசியபோது அதையே கணக்காகப் போட்டுக் காட்டினார். ஓவர்டைமோடு சேர்த்து கான்ட்ராக்ட் லைனில் மாதம் பதினைந்து, பதினாறாயிரம் கைக்கு வருகிறது. சாப்பாடும் பஸ்ஸும் கம்பெனி பார்த்துக்கொள்கிறது. போன வருடம் எங்கள் வளாக வேலைவாய்ப்பு முகாம் வழியாகப் போன அண்ணன் ஒருவர் அதே லைனில் பக்கத்தில் நிற்கிறார். அவருக்கு ஆயிரம் ரூபாய் கூடுதல். "ரெண்டு வருஷம் படிச்சதுக்கு ஆயிரம் ரூபாயா சார்?" என்றார். கோபமெல்லாம் இல்லை, நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்வி.

பழைய மாணவர்களிடம் கேட்டது

முந்தைய பிரிவின் கணக்குப்படி 20 பேரில் 17 பேருக்கு வளாக முகாமில் பணி ஆணை கிடைத்திருந்தது. 85 சதவீதம் என்று முகப்புப் பலகையிலும் எழுதியிருந்தது. அந்த 17 பேருக்கும் இளைய பயிற்றுநர் ஒருவரும் நானும் போன் போட்டோம். 14 பேர் கிடைத்தார்கள். மூன்று கேள்விகள்தான்: இப்போது எங்கே, கை என்ன வேலை செய்கிறது, பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு.

ஆணை கொடுத்த நிறுவனத்திலேயே நீடித்தவர்கள் ஐந்து பேர். அதில் ஃபிட்டர் வேலை என்று சொல்லத்தக்கதைச் செய்தவர் இருவர். மற்றவர்கள் வேறு கம்பெனி, வேறு லைன், டெலிவரி வேலை, சொந்த ஊர் என்று சிதறியிருந்தார்கள். ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "நாள் பூரா ஸ்க்ரூ போடுறேன் சார். லெட்டர்ல மட்டும் ஃபிட்டர்னு இருக்கு."

இன்னொரு தகவலும் கிடைத்தது. முகாமில் யாரும் எடுக்காத மூன்று பேரில் ஒருவர், தாமாகவே அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு சின்ன டூல் ரூமில் (அச்சுகளும் கருவிகளும் செய்கிற பட்டறை) சேர்ந்திருந்தார். தொடக்கத்தில் சம்பளம் லைன் வேலையைவிடக் குறைவு. இப்போது டை (அச்சு) பொருத்துகிறார், சம்பளமும் லைனைத் தாண்டிவிட்டது. ஆனால் எங்கள் பலகையின் கணக்கில் அவர் 'வேலை கிடைக்காதவர்'. அந்த 85 சதவீதத்துக்கு வெளியே நின்றவர்தான் கற்ற தொழிலைச் செய்துகொண்டிருந்தார்.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்தோம். மாணவர்களுக்கு ஊக்கம் போய்விடவில்லை. இரவெல்லாம் லைனில் நின்றுவிட்டுக் காலையில் வகுப்புக்கு வருகிறவனைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அவர்கள் கண்ட விவரத்தை வைத்துப் போட்ட கணக்கு சரியாகவே இருந்தது. அவர்கள் பார்த்தது முதல் மாதச் சம்பளத்தை மட்டும். இரண்டாம் வருடம், ஐந்தாம் வருடம் யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைக் காட்ட எங்களிடமும் எதுவும் இல்லை. சான்றிதழால் வேலை கிடைக்கும் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். சான்றிதழ் இல்லாமலே வேலை கிடைக்கிற ஊரில் அந்தப் பேச்சு எடுபடாது.

எடுத்த முடிவுகளும் காரணமும்

முதல் முடிவு, பெயரை நீக்குவதா வேண்டாமா என்பது. மூத்த பயிற்றுநர் ஒருவர் நீக்கச் சொன்னார். ஏழு பேருக்குச் சலுகை காட்டினால் ஒழுங்காக வருகிற 13 பேர் என்ன நினைப்பார்கள் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். நிலைய முதல்வர் நீக்கவும் இல்லை, பதிவேட்டில் கை வைக்கவும் விடவில்லை. மீதமிருந்த வேலைநாட்களை எண்ணி, மார்ச் தொடக்கத்திலிருந்து தொடர்ந்து வந்தால் யார் யார் 80-ஐத் தொட முடியும் என்று கணக்குப் போடச் சொன்னார். ஐந்து பேருக்கு முடியும். இருவருக்கு எப்படி வந்தாலும் முடியாது. ஏழு பேருக்கும் அவரவர் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். முடியாது என்று ஆன இருவரிடமும் அதை நேராகச் சொல்லிவிட்டோம்.

இரண்டாவது முடிவுதான் பெரியது. பாடத்திட்டப்படி ஆண்டுக்கு 150 மணி நேரம் தொழிற்சாலையில் நேரடிப் பயிற்சி பெற வேண்டும். பக்கத்தில் அதற்கு வாய்ப்பில்லாவிட்டால் குழுத் திட்டப்பணி செய்யலாம். இங்கே பல காலமாகத் திட்டப்பணிதான் வழக்கம். ஏதாவது ஒரு மாதிரிப் பொருள் செய்து, பெயின்ட் அடித்து, போட்டோ எடுத்து ஃபைலில் வைப்பார்கள். இந்த முறை எல்லோரையும் வெளியே அனுப்புவது என்றும், லைனுக்கு அனுப்பாமல் மெயின்டனன்ஸ் (பராமரிப்பு) பிரிவுக்கே அனுப்புவது என்றும் முடிவானது. லைனில் நின்றால் மாணவர் பார்ப்பது ஓடுகிற மெஷினை. ஃபிட்டருக்கு என்ன மதிப்பு என்பது மெஷின் நின்றால்தான் தெரியும்.

மூன்றாவது, முகாமுக்கு வரும் நிறுவனங்களிடம் ஒரு படிவம் நிரப்பி வாங்குவது. வேலை என்ன, சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கும் (நிறுவனமா, கான்ட்ராக்டரா), பிடித்தம் போகக் கைக்கு எவ்வளவு, ஷிப்ட் எப்படி, ஒரு வருடம் கழித்து என்ன. லைன் வேலை கொடுப்பவர்களை வரவேண்டாம் என்று சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையில் 'ட்ரேட் வேலை' (கற்ற தொழில் சார்ந்தது), 'பொது வேலை' என்று இரண்டு பத்தியாகப் போடுவது, எதில் போவது என்று மாணவரே முடிவு செய்வது. இப்படிச் செய்தால் சில கம்பெனிகள் வராது, சதவீதம் குறையும் என்று எச்சரித்தவர்கள் இருந்தார்கள். குறையத்தான் செய்தது, பின்னால் சொல்கிறேன்.

150 மணி நேரம்

இடம் பிடிப்பது எளிதாக இல்லை. பெரிய தொழிற்சாலைகளில் கேட் பாஸ், விபத்துக் காப்பீடு, தலைமை அலுவலக அனுமதி என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒத்துக்கொண்டவை சின்ன இடங்கள்: ஒரு பிரஸ் ஷாப், இரண்டு நவீன அரிசி ஆலைகள். கூடவே ஒரு சர்க்கரை ஆலை. அது நல்ல வாய்ப்பாக அமைந்தது. கரும்பு அரவை முடிந்ததும் ஆலையை மொத்தமாகப் பிரித்துப் பழுது பார்ப்பார்கள். பம்ப், கியர் பாக்ஸ், உருளை, வால்வு எல்லாம் திறந்து கிடக்கும். ஏப்ரலில் எட்டு பேர் அங்கே போனார்கள்.

ஆனால் திருப்பம் நேர்ந்தது அரிசி ஆலையில். நான் பார்வையிடப் போன ஒரு நாள், நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டர் நின்றுவிட்டது. பேரிங் சிக்கிக்கொண்டது. வாசலில் நெல் லாரி காத்திருக்கிறது. மூட்டை இறக்குகிறவர்கள், ஆப்பரேட்டர் எல்லோரும் சும்மா உட்கார்ந்துவிட்டார்கள். ஆலைக்காரர் யாருக்கோ போன் போட, அறுபதைத் தாண்டிய ஒரு ஃபிட்டர் டிவிஎஸ் 50-இல் வந்தார். எங்கள் மாணவர்கள் மூவரையும் பார்த்தார். "கழட்டுங்க தம்பி" என்றார்.

புல்லர் போட்டுப் பழைய பேரிங்கைக் கழற்றினார்கள். புதியதை ஷாஃப்டில் ஏற்றும்போது, நைட் ஷிப்ட் போய்க்கொண்டிருந்த மாணவர் ஒருவர் சுத்தியலை ஓங்கி வெளிவளையத்தில் தட்டப் போனார். பெரியவர் கையைப் பிடித்துவிட்டார். ஒரு குழாய்த் துண்டை உள்வளையத்தில் மட்டும் படுகிற மாதிரி வைத்து, "இங்க தட்டு. வெளியில தட்டினா குண்டுக்கு அடி விழும், ஒரு மாசத்துல திரும்ப இதே வேலை" என்றார். ஏற்றி முடித்ததும் இரண்டு புல்லிக்கும் நூல் பிடித்து நேர் பார்த்தார். பிறகு பெல்ட். எலிவேட்டர் ஓடியது. ஆலைக்காரர் டீயை முதலில் பெரியவருக்கும் பையன்களுக்கும்தான் கொடுத்தார். லாரி டிரைவருக்குக்கூட அப்புறம்தான்.

மறுநாள் அந்த மாணவர் வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்டார். கழற்றிய பேரிங்கில் 6208 என்று இருந்ததே, அதை வைத்துத்தான் பெரியவர் அளக்காமலே ஷாஃப்ட் அளவைச் சொன்னாரா என்று. கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 40 மில்லிமீட்டர் என்பது அவர் ஏற்கெனவே படித்து எழுதிய பாடம்தான். பொங்கலுக்குப் பிறகு அவர் வகுப்பில் கேட்ட முதல் கேள்வி அது.

லைனுக்குப் போன ஐந்து பேரில் மூவர் ஏப்ரல் முடிவதற்குள் லைன் வேலையை விட்டார்கள். நாலாவது ஆள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனார். அரம் பிடிப்பதில் முதலாவதானவர் மே வரை நைட் ஷிப்ட்டை விடவில்லை; ஆனால் வகுப்புக்கும் விடாமல் வந்தார். மதிய இடைவேளையில் பட்டறை மூலையில் அவர் தூங்குவதை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று மூத்த பயிற்றுநரே (நீக்கச் சொன்ன அதே பயிற்றுநர்) சொல்லி வைத்திருந்தார்.

அப்ரண்டிஸ் பற்றிய பேச்சு

முகாமுக்கு முன்பு ஒரு மதியம் முழுக்க அப்ரண்டிஸ்ஷிப் (நிறுவனத்தில் உதவித்தொகையோடு பெறுகிற தொழில் பழகுநர் பயிற்சி) பற்றிப் பேசினோம். இதில் மாணவர்களுக்கு இருந்த அவநம்பிக்கைக்குக் காரணம் உண்டு. 1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுக்க வேண்டும். 2019-இல் திருத்திய விதிப்படி ஐடிஐ சான்றிதழ் உள்ளவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை அப்போது மாதம் ரூ.7,000. அதில் 25 சதவீதம், அதிகபட்சம் ரூ.1,500, தேசிய அப்ரண்டிஸ் ஊக்குவிப்புத் திட்டத்தில் மத்திய அரசு ஏற்கிறது. பல நிறுவனங்கள் இதைவிடக் கூடுதலாகத் தருகின்றன என்றாலும், பதினாறாயிரம் பார்த்த கைக்கு இது சின்னத் தொகை. பி.எஃப் (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ (தொழிலாளர் காப்பீடு) இரண்டும் கிடையாது. முடித்ததும் அங்கேயே வேலை தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இதையெல்லாம் மறைக்காமல் சொன்னோம்.

அதன் பிறகுதான் மறுபக்கம். ஒரு வருடம் முடித்துத் தேர்வு எழுதினால் தேசிய அப்ரண்டிஸ் சான்றிதழ் கிடைக்கும். ரயில்வே நிறுவனங்களில் பயிற்சி முடித்த அப்ரண்டிஸ்களுக்கு ரயில்வேயின் லெவல்-1 (அடிப்படை நிலை) பணியிடங்களில் 20 சதவீத ஒதுக்கீடு உண்டு. 2025 ஜனவரியில்தான் அந்த லெவல்-1-க்கு 32,438 இடங்களுக்கு அறிவிப்பு வந்திருந்தது. ரயில்வே பணிமனைகள் பலவற்றில் அப்ரண்டிஸ் தேர்வுக்குப் பத்தாவது மதிப்பெண்ணும் ஐடிஐ மதிப்பெண்ணும் சேர்ந்துதான் தரவரிசை. ஆக, ஐடிஐ தேர்வில் 'பாஸானால் போதும்' என்பது அங்கே செல்லாது.

எல்லாவற்றையும்விட வேலை செய்தது வேறு ஒன்று. ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (உதவி ரயில் ஓட்டுநர்) பணிக்கு 9,970 இடங்கள் அறிவிப்பு அந்த வசந்தத்தில் வந்தது. ஃபிட்டர் சான்றிதழ் தகுதியாகும். ஆனால் இறுதித் தேர்வு முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் விண்ணப்பிக்க முடியாது. எங்கள் மாணவர்கள் செல்போனில் அந்த அறிவிப்பைப் படித்துவிட்டு, சில மாத வித்தியாசத்தில் தங்களுக்கு வாய்ப்பில்லை என்று தெரிந்துகொண்டார்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது சான்றிதழ் கையில் இருக்க வேண்டும் என்று அவர்களே பேச ஆரம்பித்தார்கள். எங்கள் பேச்சாளர் இரண்டு மணி நேரத்தில் சாதிக்காததை ஒரு பி.டி.எஃப் சாதித்தது.

முகாமும் தேர்வும்

ஜூன் முகாமில், படிவத்தைப் பார்த்ததும் இரண்டு ஏஜென்சிகள் வரவில்லை. வந்தவர்களில் சிலர் 'சம்பளச் சீட்டில் யார் பெயர்' என்ற கட்டத்தை வெறுமையாக விட்டார்கள். வெறுமையாக இருக்கிறது என்பதையே பலகையில் எழுதினோம். பத்து பேருக்கு ஆணை கிடைத்தது.

பிரிவில் இருந்த ஒரே மாணவியின் நிலைமை தனி. மதிப்பெண்ணில் முதல் ஐந்துக்குள் இருந்தவர். முகாமுக்கு வந்த இரண்டு நிறுவனங்கள் அவரை அசெம்பிளிக்கு எடுக்கத் தயாராக இருந்தன, மெயின்டனன்ஸுக்கு இல்லை. மெயின்டனன்ஸ் என்றால் ராத்திரியிலும் கூப்பிடுவோம் என்றார் ஒரு மனிதவள அலுவலர். வீட்டிலும் விடுதியில் தங்கிப் போக அனுமதி இல்லை. அவர் முகாமில் எதையும் எடுக்கவில்லை.

ஏழில் ஐந்து பேர் வருகையை எட்டித் தேர்வு எழுதினார்கள். மொத்தம் எழுதிய 18 பேரில் 16 பேர் தேர்ச்சி. தவறிய இருவரும் செய்முறையில் தேறி, கணினி வழித் தேர்வில் விட்டவர்கள்.

ஆறு மாதம் கழித்து

2026 பிப்ரவரியில் மறுபடி எல்லோருக்கும் போன் போட்டோம். தேர்ச்சி பெற்ற 16 பேரில் ஏழு பேர் அப்ரண்டிஸ். அந்த மாணவியும் அதில் உண்டு. அரசுத் துறை நிறுவனம் ஒன்றில், பகல் ஷிப்ட், வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வருகிறார். நான்கு பேர் மெயின்டனன்ஸ் வேலையில். அதில் ஒருவர் அரிசி ஆலையில், அந்தப் பெரியவரோடு. சுற்றுவட்டார ஆலைகளுக்கும் இருவரும் சேர்ந்து போகிறார்கள். மூன்று பேர் பொது லைன் வேலையில். ஒருவர் வீட்டுத் தறியில். ஒருவர் ரயில்வே தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.

அரம் பிடிப்பதில் முதலாவதானவர் லைன் வேலையில் உள்ள அந்த மூன்று பேரில் ஒருவர். நல்ல மதிப்பெண்ணோடு தேறியவர், அப்ரண்டிஸ் அழைப்பும் வந்தது, போகவில்லை. "கடன் இன்னும் கொஞ்சம் இருக்கு சார். முடிஞ்சதும் போறேன், சர்ட்டிபிகேட் எங்கயும் ஓடிப் போயிடாது" என்றார். அவருடைய வீட்டுக் கணக்கைத் தெரிந்தவன் என்ற முறையில் அதைத் தவறு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தேர்வு எழுத முடியாமல் போன இருவரில் ஒருவர் லைன் வேலையில் இருக்கிறார். மற்றவர் போனை எடுக்கவில்லை.

அதிகாரபூர்வக் கணக்கில், வளாக முகாம் வழி வேலைவாய்ப்பு 85-லிருந்து 50 சதவீதமாகக் குறைந்தது. மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் காரணம் கேட்டார்கள். ஆறு மாதப் பட்டியலைத் தனித் தாளாக இணைத்தோம்: முந்தைய பிரிவில் எங்களுக்குத் தெரிந்தவரை மூன்று பேர் தொழில் சார்ந்த வேலையில், இந்தப் பிரிவில் 11 பேர். வாங்கி வைத்துக்கொண்டார்கள். படிவத்தில் அதற்கென்று கட்டம் இல்லை.

ஒரே ஒரு பிரிவை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தேர்வு நெருங்கினால் வருகை தானாகவே கொஞ்சம் கூடும். ரயில்வே அறிவிப்பு அந்த ஆண்டில் வந்தது எங்கள் ஏற்பாடு இல்லை. நேரடிப் பயிற்சி எந்த அளவுக்குக் காரணம், மற்றவை எந்த அளவுக்கு என்று பிரித்துக் காட்ட எங்களிடம் வழியில்லை. மாணவர்கள் தாங்களாகச் சொன்னது அரிசி ஆலையையும் சர்க்கரை ஆலையையும்தான்.

இனி மாற்றுவது

நேரடிப் பயிற்சியை இரண்டாம் ஆண்டின் கடைசிக்கு வைக்கப் போவதில்லை. முதல் ஆண்டின் 150 மணி நேரத்தையும் வெளியிலேயே வைக்கிறோம். அரம் பிடிக்கிற மாதங்கள் முடிந்த கையோடு, நெல் வரத்து அதிகமாக இருந்து ஆலைகள் இடைவிடாமல் ஓடும் காலமாகப் பார்த்து அனுப்புவது திட்டம். அப்போதுதான் பழுதும் வரும்.

பழைய மாணவர்களுக்குப் போன் போடுவது வருடம் இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். முகப்புப் பலகையில் முகாம் சதவீதத்துக்குக் கீழே ஆறு மாதக் கணக்கும் எழுதப்படுகிறது. சம்மதிக்கிற பழைய மாணவர்களின் சம்பளச் சீட்டைப் பெயரை மறைத்து ஒட்டி வைக்கிறோம். பி.எஃப் 12 சதவீதம், இ.எஸ்.ஐ 0.75 சதவீதம் போன பிறகு கைக்கு வருவது எவ்வளவு என்று மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.

வருகை குறைவதை ஜனவரி வரை பார்த்துக்கொண்டிருக்காமல், இரண்டாம் ஆண்டு தொடங்கிய முதல் மாதத்திலேயே 'யார் யார் வேலைக்குப் போகிறீர்கள்' என்று நேராகக் கேட்கிறோம். தண்டனை இல்லை என்று தெரிந்தால் சொல்கிறார்கள்.

இரண்டு விஷயங்களுக்கு வழி கிடைக்கவில்லை. கடன் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஏழாயிரத்துக்கும் பதினாறாயிரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை நிலையத்தால் நிரப்ப முடியாது. மெயின்டனன்ஸுக்குப் பெண்களை எடுக்கச் சொல்லி நிறுவனங்களுக்கு முதல்வர் அனுப்பிய கடிதத்துக்கு ஒரே ஒரு பதில் வந்திருக்கிறது; பகல் ஷிப்ட்டில் ஓர் இடம், அதுவும் நேர்காணலுக்குப் பிறகு. 2024–26 பிரிவில் மாணவிகள் மூன்று பேர் இருக்கிறார்கள்.

மாணவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். அது வந்துவிட்டால், கேட்டிலேயே திருப்பி அனுப்பிய பெரிய தொழிற்சாலைகளில் இரண்டு, மறுபடி பேசலாம் என்று சொல்லியிருக்கின்றன.